இழுத்தால் இறுகும்

கணினி விளையாட்டைப் பற்றி ஆண்டு மலரில் எழுதலாமா என்று சிலர் ஐயுறலாம். பொழுதைப் போக்கும் ஒன்று புத்தியையும் தீட்டுமானால், அதைப் பற்றி எழுதுவதில் தவறில்லை என்பது என் எண்ணம்.

'திறந்த உலக விளையாட்டு' என்று ஒரு வகை உண்டு. மலையும் காடும் ஊரும் கடலும் நம் முன்னே விரிந்து கிடக்கும். விரும்பிய திசையில் போகலாம். முதன்மைக் கதை ஒன்று இருக்க, வழியில் காண்பவர்கள் தரும் சிறு வேலைகளும் உண்டு. இவற்றைக் கிளைப்பணிகள் எனலாம்.

சென்ற மே மாதக் கடைசியில் என் அண்ணன் வேலைக்காக வளைகுடா நாட்டுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. அதற்குள் இருவரும் சேர்ந்து அத்தகைய விளையாட்டு ஒன்றை முடித்துவிடத் தீர்மானித்தோம். அதில் கலங்கரை விளக்கக் காவலர் ஒருவர் வருவார். கரையிலுள்ள மூன்று விளக்குகளை ஏற்றி வந்தால் தம் கதையைச் சொல்வதாகக் கூறுவார். முட்டத்துக் கலங்கரை விளக்கைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு அந்தக் கிளைப்பணியின்மேல் தனி ஆசை.

மூன்று விளக்குகளும் எரிந்தன. ஆனால் காவலரோ சுவரைப் பார்த்தபடி நின்றார். வாய் திறக்கவே இல்லை! திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்தோம். கணினியை அணைத்துப் போட்டோம். பயனில்லை. அண்ணன் புறப்பட நான்கே நாள்கள் இருந்தன. "விடு பிள்ளே, இது நடக்காது" என்று சலித்துக்கொண்டான்.

முற்றத்தில் கிழிந்த வலையைச் சீர்செய்துகொண்டிருந்த பாட்டா சிரித்தார். "மக்களே, சிக்கு விழுந்த வலையை இழுக்காதே. இழுக்க இழுக்க இறுகும். முதல் முடிச்சு எங்கே விழுந்ததென்று பாரு" என்றார்.

அன்றிரவே ஒரு நோட்டை எடுத்து, அந்த ஊருக்குள் நுழைந்தது முதல் செய்தவற்றையெல்லாம் வரிசையாக எழுதினோம். உண்மை புலப்பட்டது. காவலரைச் சந்திக்கும் முன்பே, வழியில் கிடந்த ஒரு விளக்கை ஏற்றியிருந்தோம். அப்படி ஏற்ற விளையாட்டே இடம் கொடுத்திருந்தது. ஆனால் பணி தொடங்கிய பின் ஏற்றியவற்றை மட்டுமே அது எண்ணியது. எங்கள் கண்ணுக்கு மூன்று விளக்குகள். அதன் கணக்கில் இரண்டே. மூன்றாவதற்காக அது காத்துக்கொண்டே இருந்தது!

மூன்று நாள்களுக்கு முன் சேமித்து வைத்த நிலை ஒன்று இருந்தது. அதற்குத் திரும்பினால் அந்த மூன்று மாலைகளின் உழைப்பும் போகும். அண்ணன் சற்று யோசித்தான். பிறகு, "போகட்டும்" என்றான். திரும்பிப் போனோம். முதலில் காவலரிடம் பேசினோம். பின்னரே விளக்குகளை ஏற்றினோம். அண்ணன் புறப்படுவதற்கு முந்தைய மாலை காவலர் எங்கள் பக்கம் திரும்பித் தம் கதையைச் சொன்னார். விளையாட்டு முழுவதும் முடியவில்லை. ஆனாலும் எங்களுக்கு மனம் நிறைந்தது.

இத்தகைய பிழைகள் ஏன் வருகின்றன? நான்கு செயல்களை 24 வரிசைகளில் செய்யலாம். பத்துச் செயல்களானால் 36,28,800 வரிசைகள்! அத்தனையையும் யார் சோதித்துப் பார்க்க முடியும்? 2011 நவம்பர் 11இல் வெளிவந்த 'ஸ்கைரிம்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டிலும், விண்ட்ஹெல்ம் நகரில் துப்பறியும் கிளைப்பணி ஒன்று நடுவழியில் நின்றுவிடுவதாகப் பெயர் பெற்றது. கணினியில் ஆடுவோர் கட்டளை ஒன்றைத் தட்டி அடுத்த படிக்குத் தாவலாம். ஆனால் தாவிய படிகளில் நடக்க வேண்டியவை நடவாமற்போய், புதிய சிக்கல் முளைக்கவும் கூடும். அந்த விளையாட்டின் பிழைகள் பலவற்றை ஆர்வலர்களே ஒன்றுகூடித் திருத்தி, எல்லோருக்கும் இலவசமாக வழங்கியிருக்கிறார்கள்.

அதைப் படித்த பிறகு நானும் எங்கள் நோட்டிலிருந்த வரிசையை அப்படியே எழுதி, எங்கள் விளையாட்டைச் செய்தவர்களுக்கு அனுப்பினேன். "சரியில்லை" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் உதவாது. எதைச் செய்தபின் எது நின்றது என்று சொன்னால்தான் திருத்துவோருக்கு வழி தெரியும். சில வாரங்களில் வந்த திருத்தப் பட்டியலில் காவலரின் பணியும் இருந்தது. தொலைபேசியில் சொன்னதும் கடலுக்கு அப்பாலிருந்து அண்ணன் உரக்கச் சிரித்தான்.

தோழியரே, விடை வராத கணக்கானாலும் மனம் விட்டுப் பேசாத தோழியானாலும், உடனே இழுத்துப் பார்க்கவே நம் கை துடிக்கிறது. சற்றுப் பொறுத்து முதல் முடிச்சைத் தேடுவோம். அவிழ்த்தபின், அவிழ்த்த விதத்தைப் பிறருக்கும் சொல்லி வைப்போம். நமக்குப் பின்னே அந்த விளக்கை ஏற்ற வருகிறவள் இருளில் நிற்க வேண்டாமே!