வீட்டில் எத்தனை பேர்?

கடுகு ஒரு பாக்கெட், ஓர் உருப்படி. பத்துக் கிலோ அரிசி மூட்டை, அதுவும் ஓர் உருப்படிதான். 2020 மார்ச் கடைசியில் பிரிட்டனின் டெஸ்கோ பேரங்காடி, இயங்கலையில் மளிகை வாங்குகிறவர்கள் ஒரு தடவைக்கு 80 உருப்படிகளுக்கு மேல் கேட்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். ஒரு வீட்டுக்குப் போகும் பெட்டி குறைந்தால் அதே வேனில் இன்னொரு வீட்டுக்கும் சாமான் ஏறும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அதைப் போட்டவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது ரசம் வைத்திருப்பாரா என்பதுதான் சந்தேகம்.

உறைந்த பீட்சாவைச் சூடு பண்ணித் தின்கிற தனியாளுக்கு ஓர் உருப்படி ஒரு வேளைச் சாப்பாடு. எண்பதை வைத்துக்கொண்டு அவர் ஏறக்குறைய ஒரு மாதத்தை ஓட்டிவிடுவார். லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கோ கடுகு, சீரகம், வெந்தயம், பெருங்காயம், உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை என்று தாளிப்பு முடிவதற்குள் ஏழு போய்விடும். துவரம்பருப்பு, புளி, மஞ்சள்தூள், மல்லித்தூள் சேர்ந்தால் பதினொன்று. சாம்பாரில் இன்னும் ஒரு காய்கூட விழவில்லை.

உருப்படிகளை எண்ணத் தெரிந்த கணினிக்கு, அந்த வீட்டில் எத்தனை வாய் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கேள்விக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு பழைய கதை உண்டு. அதற்குமுன் அங்கே நடந்த புதிய கதை.

அங்கே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18இல் தொடங்கியது. முதல் கட்டம் மார்ச் 31 வரை, சரியாகப் பதினான்கு நாள். சாமான் வாங்க வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம். அவரும் குடும்பத் தலைவராக இருக்க வேண்டும். ஏப்ரல் 1இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் முடித்துக்கொள்ள வேண்டும் என்பதும் சேர்ந்தது. சாலைத் தடுப்பில் நின்ற போலீஸ் ஐசியை வாங்கி முகவரியைப் படித்தது. தோட்டத்து வாசலிலிருந்து டவுன் எத்தனை கிலோமீட்டர் என்று அதுவரை யாருக்கும் அளந்து பார்க்க வேண்டியிருந்ததில்லை.

குடும்பத் தலைவர் என்றதும் ஈப்போவின் பேரங்காடிகளில் ஆண்கள் நிறைந்தார்கள். முப்பது வருடம் அந்தக் கடைகளின் கார் நிறுத்தத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர்கள் முதன்முதலாகக் காய்கறிப் பகுதிக்குள் நுழைந்தார்கள். கங்கோங் எது, சாவி எது, இஞ்சிக்கும் லெங்குவாசுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாமல், கையில் பிடித்த போனில் மனைவியின் முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டாகத் தூக்கிக் காட்டினார்கள். அதே மாதக் கடைசியில்தான் பெண்கள் நலத்தைக் கவனிக்கும் அமைச்சு, கணவனிடம் நச்சரிக்காமல் டோராயெமோன் பூனையின் குரலில் பேசுங்கள் என்று மனைவிமாருக்குச் சுவரொட்டி போட்டுப் புத்தி சொன்னது. நாடே சிரித்ததும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதை எடுத்தது. குரல் எதுவானாலும் லெங்குவாஸ் லெங்குவாஸாகத்தான் வந்து சேர்ந்தது, இஞ்சி வரவில்லை.

ரொட்டி, முட்டை, மாவு இருந்த அடுக்குகளில் ‘ஒருவருக்கு இவ்வளவுதான்’ என்ற அட்டை. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சாதாரணக் காலத்தில் இப்படி ஒரு வரம்பு வந்தால் தமிழ்க் குடும்பம் அதை ஐந்து நிமிடத்தில் முறியடித்துவிடும். அப்பா ஒரு வரிசை, அம்மா ஒரு வரிசை, மூத்தவன் ஒன்று, சின்னவள் ஒன்று; பணம் கட்டி முடிக்கும்வரை ஒருவரை ஒருவர் யாரென்றே தெரியாது. 2020இல் அந்த வழி அடைபட்டது. வீட்டுக்கு ஒருவர், ஒருவருக்கு இரண்டு. இரண்டு விதிகளையும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயம்தான். சேர்த்துப் பெருக்கினால், தனியாக வாழும் வாலிபனுக்கும் பாட்டி முதல் பேரன் வரை எட்டுப் பேர் இருக்கும் ஈப்போ புந்தோங் வீட்டுக்கும் ஒரே அளவு ரொட்டி.

இயங்கலையில் வாங்கலாமே என்றால் சாமான் கொண்டுவரும் நேரக் கட்டங்கள் எல்லாம் நிறைந்து கிடந்தன. ஈப்போ நகருக்குள் சுற்றும் வேனுக்குச் செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் லயம் எங்கே தெரியப்போகிறது? கட்டத்தில் அஞ்சல் குறியீட்டை எழுதிவிடலாம். ‘பழைய ஸ்டோர் தாண்டி, மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், மூன்றாவது லயம்’ என்று எழுதக் கட்டம் கிடையாது. இதற்கு நடுவே கேமரன் மலைத் தோட்டக்காரர்கள், வாங்க ஆளும் ஏற்றிப்போக வழியும் இல்லாமல், பறித்த காய்கறியைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மலைச்சாலைகளில் ஒன்று இறங்கி வந்து சேருகிற சிம்பாங் பூலாய், ஈப்போவுக்குப் பக்கத்து ஊர்.

கித்தா மரம் நின்ற காலத்தில் தோட்டத்துக் கடைக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. அங்கே வரம்பு வேறு விதம். அது 555 புத்தகத்துக்குள் இருந்தது. சட்டைப் பைக்குள் அடங்கும் சின்ன நோட்டு, அட்டையில் மூன்று ஐந்து. மலாய்க்காரர்கள் ‘பூக்கு தீகா லிமா’ என்பார்கள். மலேசியாவில் கடன் என்றாலே அந்த நோட்டுத்தான் கண்ணுக்கு முன்னால் வரும். அரிசி இத்தனை கட்டி, கருவாடு, மண்ணெண்ணெய், குழந்தைக்குப் பால்டின் என்று வரிவரியாக ஏறி, சம்பள நாளன்று கூட்டிக் கழிக்கப்படும். கடைக்காரருக்கு ஒவ்வொரு வீட்டின் வயிறும் தெரியும். “என்னம்மா, இந்த மாசம் அரிசி குறையுதே, மாமியார் மக வூட்டுக்குப் போயிட்டாங்களா?” என்று கேட்கக்கூடியவர். பெரிய பெண் வயதுக்கு வந்தது, மச்சான் வேலையில்லாமல் வந்து தங்கியது, எல்லாம் பேர் சொல்லாமல் அந்த நோட்டில் பதிவாகும்.

இதைப் படித்துவிட்டு ஆகா அந்தக் காலம் என்று யாரும் உருக வேண்டாம். வயிற்றை அறிந்த அதே கடைக்காரருக்குச் சம்பளமும் தெரியும். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு விடியுமுன் ஓடி, பால் வெட்டி, வாளி சுமந்து வாங்கிய பணம் கைக்கு வருமுன்பே நோட்டுக்குள் போன வீடுகள் எத்தனையோ. விலை என்ன என்று கேட்கும் தைரியம் கடன் வாங்கினவருக்கு எங்கே வரும்? கணினிக்கு எட்டுப் பேர் இருப்பது தெரியாது என்பது குறைதான். எட்டுப் பேரையும் தெரிந்த மனிதர் எல்லாம் இலவசமாகத் தெரிந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாய்களைத் துல்லியமாக எண்ணிய ஒரு காலமும் பேராக்கில் இருந்தது. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது, அது முடிய 1960 ஆயிற்று. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் படையைச் சுட்டுப் பிடிப்பதைவிடப் பட்டினி போடுவது சுலபம் என்று கண்டுகொண்ட அரசு, சோற்றின் பின்னாலேயே போனது. காட்டோரம் குடியிருந்த ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலிக்குள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயங்களும் ஒரே இடமாகச் சேர்க்கப்பட்டு வேலியடைக்கப்பட்டன. உணவுக் கட்டுப்பாடு இருந்த பகுதிகளில் கடைக்காரர் யார் எதை வாங்கினார் என்று எழுதி வைக்க வேண்டும். தகர டின்னை விற்கும்போதே ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். ஓட்டை விழுந்த மீன் டின் காட்டுக்குள் போய்ச் சேருமுன் கெட்டுவிடும். விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர்களை வேலி வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள். பெண்களைச் சோதிக்கப் பெண்கள் இருந்தார்கள். பசியாறச் சோறு கட்டிக்கொண்டு போக முடியாது. பின்னாளில் சில இடங்களில் அரிசியாகவே கொடுக்காமல், பொதுச் சமையலறையில் பொங்கிச் சோறாகப் போட்டார்கள். அந்தச் சூட்டில் சோறு ஒரு நாள் தாங்காது. அரிசிக்கும் சோற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு ஆழமாக யோசித்த வேறொரு அரசாங்கம் இருந்திருக்குமா!

இதில் தஞ்சோங் மாலிம் கதை தனி. பேராக்கின் தெற்கு எல்லையில், சிலாங்கூரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ரயிலடி ஊர். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயைக் காட்டுக்காரர்கள் அடிக்கடி உடைத்துக்கொண்டிருந்தார்கள். 1952 மார்ச் 25இல் அதைச் சரி செய்யப் போன குழு பதுங்கித் தாக்கப்பட்டது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அவர்களில் மைக்கேல் காட்னர் என்ற இளம் அதிகாரியும் ஒருவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களின் கைதி முகாமிலிருந்து, உடற்பயிற்சிக்கான மரக்குதிரைக்கு அடியில் சுரங்கம் தோண்டித் தப்பிய மூவரில் ஒருவர் அவர். ஹிட்லரின் முள்வேலியை வென்றவர் ஒரு தண்ணீர்க் குழாயருகே செத்துப்போனார்.

ஹைகமிஷனராக வந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஜெனரல் டெம்ப்ளர், சம்பவம் நடந்த இரண்டாம் நாள் ஊருக்கு நேரில் வந்தார். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்து வாயில் வந்தபடி ஏசினார். தெரிந்தும் சொல்லாத ஊர் என்பது அவர் குற்றச்சாட்டு. தண்டனை மொத்த ஊருக்கும். ஒரு நாளில் 22 மணி நேரம் ஊரடங்கு. கடை திறப்பது இரண்டே மணி நேரம். பள்ளிக்கூடம் மூடல், பஸ் இல்லை, அரிசிப் பங்கு குறைப்பு. பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் வந்தது: தெரிந்ததை எழுது, பேர் போட வேண்டாம். எழுதிய தாள்களைப் பூட்டிய பெட்டிகளில் சேர்த்துக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோனார்கள். ஊர்க்காரர்களின் பிரதிநிதிகள் பார்த்துக்கொண்டிருக்க, டெம்ப்ளரே அவற்றைத் திறந்தார். குற்றம் செய்யாதவர்களையும் சேர்த்துப் பட்டினி போடுவது என்ன நீதி என்று பிரிட்டனிலேயே கண்டனம் எழுந்தது. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் ஊரடங்கு தளர்ந்தது.

மார்ச் கடைசி, இரண்டு வாரம், வீட்டுக்கு ஒரு தாள். அறுபத்தெட்டு வருடம் கழித்து அதே மார்ச் கடைசியில், இரண்டு வாரம், வீட்டுக்கு ஒருவர். இரண்டையும் ஒன்று என்று சொன்னால் அது அபாண்டம்; ஒன்றில் கிருமிக்குப் பயந்து கதவைச் சாத்தினார்கள், மற்றதில் துப்பாக்கியைக் காட்டிச் சாத்த வைத்தார்கள். ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. காக்க வந்த வரம்பு ஆள் கணக்குப் பார்க்கவில்லை. ஒருவருக்கு இரண்டு என்று மொட்டையாகச் சொல்லி நகர்ந்துவிட்டது. ஒடுக்க வந்த வரம்புதான் தலையைத் தலையாக எண்ணியது. அரிசிப் பங்கு பெரியவர்களுக்கு இவ்வளவு, குழந்தைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கப்பட்டது. அந்த வேலி வாசலில் நின்றவருக்கு, ஒரு வீட்டுச் சட்டியில் எத்தனை பேர் சோறு என்பது அந்த வீட்டுச் சம்பந்திக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரு பிடி கூடினால் அது யாருக்கு என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிடும்.

தமிழ் வீட்டில் அந்தக் கூடுதல் பிடி இல்லாமல் உலை வைப்பதே கிடையாது. எட்டுப் பேருக்கு எட்டுப் பேர் அளவே பொங்கினால் அது சமையல் இல்லை, கஞ்சத்தனம். வழியில் போகிறவர் வரலாம், மகன் நண்பனோடு வரலாம், மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. யாருக்கு என்று தெரியாத அந்த ஒரு பிடியைத்தான் 1952இன் வாசல்காரர் தேடினார். 2020இன் கணினிக்கு அதற்குக் கட்டமே இல்லை.

தஞ்சோங் மாலிமுக்கு இன்று வேறு பெயர் இருக்கிறது: பாவ், ஆவியில் அவித்த உருண்டை ரொட்டி. யிக் முன் கடைப் பாவ் என்றால் வடக்கே போகிறவர்களும் தெற்கே வருகிறவர்களும் அறிவார்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வந்தபிறகு ஊருக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அதற்கென்றே வண்டியைத் திருப்புகிறவர்கள் உண்டு. கோலாலம்பூரில் கல்யாணம் முடித்து ஈப்போவுக்குத் திரும்பும் ஒரு குடும்பம் அங்கே நிறுத்தினால், கறிப் பாவா காயா பாவா என்ற விவாதம் முதலில் நடக்கும். பிறகு எத்தனை வேண்டும் என்று கடையில் கேட்பார்கள். காரில் இருக்கிறவர்களை, வீட்டில் இருக்கும் பாட்டியை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணி, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு சேர்த்துத்தான் அந்த வீட்டு அம்மா எண்ணைச் சொல்வார்.