தீர்ப்பில் இல்லாத தண்டனை

சட்டக் கல்லூரி நாட்களிலிருந்து என்னை விடாத ஒரு வழக்கு உண்டு. நான் வாதாடியதல்ல, படித்தது: திரைக்கதை எழுத்தாளர் டால்டன் டிரம்போ மீது அமெரிக்க அரசு தொடர்ந்த வழக்கு.

கொலராடோவில் பிறந்தவர் டிரம்போ. லாஸ் ஏஞ்சலிஸ் பேக்கரி ஒன்றில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இரவு வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 1940-களில் ஹாலிவுட்டில் மிக அதிகச் சம்பளம் வாங்கிய எழுத்தாளர்களில் ஒருவரானார். 1943-ல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அது தடை செய்யப்பட்ட கட்சி அல்ல.

1947 அக்டோபர் 28 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் 'அமெரிக்க விரோத நடவடிக்கைகள்' விசாரணைக் குழு அவரைச் சாட்சியாக அழைத்தது. எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினரா, கட்சியில் உறுப்பினரா என்று கேட்டது. அவர் தன் திரைக்கதைகளையே ஆதாரமாகக் கொண்டு போயிருந்தார். குழு வாங்கிக்கொள்ள மறுத்தது. தனக்கு எதிரான ஆவணம் இருந்தால் காட்டுங்கள் என்று கேட்டார், காட்டவில்லை. விசாரணைப் பதிவில் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆவணத்தைச் சாட்சியிடம் காட்டிவிட்டுக் கேள்வி கேட்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி.

அவரும், அவரைப்போலவே குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்த ஒன்பது பேரும் அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்தின் கீழ், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல மாட்டேன் என்று ஒதுங்கியிருக்கலாம். ஆனால் அது ஏதோ குற்றம் செய்ததை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். அதனால் கருத்துரிமை தரும் முதல் திருத்தத்தின் மேல் நின்றார்கள். என் கணிப்பில் துணிச்சலான, நேர்மையான வாதம். உச்ச நீதிமன்றம் தங்கள் பக்கம் நிற்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. ஆனால் 1949 ஜூலையில் அதன் நீதிபதி மர்ஃபியும் செப்டம்பரில் நீதிபதி ரட்லெட்ஜும் காலமானார்கள். உரிமைகளின் பக்கம் உறுதியாக நின்ற இருவர். 1950 ஏப்ரலில் மேல்முறையீட்டை விசாரணைக்கே எடுக்க நீதிமன்றம் மறுத்தது. நீதிபதிகள் பிளாக், டக்ளஸ் இருவர் மட்டும் எடுக்கலாம் என்றார்கள்.

நாடாளுமன்ற அவமதிப்புக்கு ஓராண்டுச் சிறை, ஆயிரம் டாலர் அபராதம். கென்டக்கி மாநிலம் ஆஷ்லண்ட் சிறையில் பத்து மாதம் போல இருந்துவிட்டு வந்தார். சட்டம் விதித்தது அவ்வளவுதான்.

மற்றொரு தண்டனையைத்தான் சட்ட மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1947 நவம்பரிலேயே, குற்றவியல் விசாரணை தொடங்கும் முன்பே, ஸ்டுடியோ முதலாளிகள் நியூயார்க்கின் வால்டார்ஃப் ஹோட்டலில் கூடி, இந்தப் பத்துப் பேருக்கும் வேலை இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். குற்றப்பத்திரிகை இல்லை, வாதம் இல்லை, தண்டனைக் காலம் இல்லை. எந்த நீதிமன்றமும் பிறப்பிக்காத உத்தரவை எங்கே போய் ரத்து செய்யச் சொல்வது? டிரம்போ பெயரை மறைத்துக் குறைந்த கூலிக்கு எழுதினார். 'ரோமன் ஹாலிடே' கதைக்கான ஆஸ்கர், பெயர் கொடுத்த நண்பர் இயான் மெக்லெல்லன் ஹன்டருக்குப் போனது. 1957 விழாவில் 'தி பிரேவ் ஒன்' படத்துக்காக ராபர்ட் ரிச் என்ற பெயரை அழைத்தார்கள். அப்படி ஒரு எழுத்தாளரே இல்லை. அதுவும் டிரம்போதான்.

1960-ல் 'எக்ஸோடஸ்', 'ஸ்பார்டகஸ்' இரண்டிலும் அவர் பெயர் திரையில் வந்தது. 1976-ல் இறந்தார். 'ரோமன் ஹாலிடே' ஆஸ்கர் 1993-ல் அவர் பெயருக்கு வந்தது. அந்தப் படத்தின் திரைக்கதையை எழுதியவர் என்ற அங்கீகாரத்தை எழுத்தாளர் சங்கம் 2011-ல்தான் திருப்பிக் கொடுத்தது.