முன் சில்லு

1990 யூன் மாதம் சண்டை மறுபடி தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. கரண்டும் போனது. அதற்குப் பிறகு கோண்டாவிலில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்ராட் பண்ணுவதற்கு மட்டும் சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் சில சொட்டு. எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய், பின்னால் புகை. அந்த மணம் இப்பவும் எங்கேயாவது மூக்கில் பட்டால் நான் பலாலி வீதியில் நிற்பேன்.

அப்பாவிடம் இருந்தது எம்டி நைன்ரி. ஜப்பானில் தபாற்காரர் ஓடிக் கழித்த சிவப்பு ஹொண்டா. கிளச் பிடிக்கத் தேவையில்லை, பின்னுக்கு அகலமான கரியர். மாரி முடிந்தால் அப்பா முன் சில்லைக் கழற்றுவார். ஸ்ராண்டில் ஏற்றினால் பின் சில்லுத்தான் நிலத்தை விட்டு எழும்பும். முன்னுக்கு எழும்ப வேண்டுமென்றால் கரியரில் பாரம் வேண்டும். அந்தப் பாரம் நானும் தங்கச்சியும். எஞ்சினுக்குக் கீழே மரக்குற்றி வைத்து முடியும்வரை மூச்சுக்கூடப் பெரிதாக விடமாட்டோம்.

பிறேக் கேபிள், மீற்றர் கேபிள், பிறகு அக்சில். சில்லு கையோடு வந்துவிடும். மினுங்கிப்போன பிறேக் கட்டைகளைச் சீமெந்துத் தரையில் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார். பெயாரிங்குகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, விரலில் கொழுவிச் சுற்றிக் காதோடு வைத்துக் கேட்பார். கழுவிய எண்ணெயையும் ஊற்றுவதில்லை. அடைய விட்டு, தெளிந்ததை எடுத்து ஜாம் போத்தல் விளக்குக்கு விடுவோம். அடியில் பஞ்சு, சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள்ளால் திரி. ஓ.எல். சோதனைக்கு நான் படித்தது அந்த வெளிச்சத்தில்தான்.

கிறீஸ் ரின் வெளியில் வந்தது தெரிந்தால் அயலும் வந்துவிடும். "மாஸ்ரர், என்ரை முன் சில்லும் சத்தம் போடுது." ஒருவர் ஸ்பனர் கொண்டுவருவார், இன்னொருவர் பழந்துணி. அம்மா பனங்கட்டியோடு தேத்தண்ணி கொடுத்து மாளாது. கழற்றுவதை எல்லாரும் செய்யலாம். பூட்டும்போதுதான் அப்பா பக்கத்தில் நிற்பார். பிறேக் தட்டில் ஒரு வெட்டு இருக்கும், அது ஃபோர்க் காலில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையில் சரியாக விழவேண்டும். விழாமல் இறுக்கிவிட்டால், பிறேக் பிடிக்கிற நேரம் தட்டே சுழன்று சில்லு இறுகிவிடும், ஆள் ஹாண்டிலுக்கு மேலால் போவார். "வெட்டு விழுந்ததோ?" என்று கேட்பார். ஓம் என்றாலும் தானே ஒருக்கால் விரல்விட்டுத் தடவிப் பார்ப்பார்.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்க, எங்கள் வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்குப் போனது. நாவற்குழிப் பாலத்தில் வண்டி ஓட எங்கே இடம்? அம்மம்மாவைக் கரியரில் இருத்தி, அப்பா விடியும்வரை உருட்டினார். அடுத்த சித்திரையில் திரும்பி வந்தோம். அயலில் கனபேர் வரவில்லை. வன்னிக்குப் போனார்கள், அங்கிருந்து எங்கெங்கோ.

அந்தக் காலத்தை நல்ல காலம் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். மருந்தில்லாமல் போன உயிர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஒரு சில்லைக் கழற்ற ஒழுங்கை முழுக்க வந்து குந்தியிருந்த முற்றத்தை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. இப்போது எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு புது மோட்டார் சைக்கிள் நிற்கிறது. சத்தம் கேட்டால் கராச்சுக்குப் போகிறது.

அப்பாவின் செத்தவீட்டுக்கு ரொறன்ரோவில் இருந்து பக்கத்து வீட்டு அண்ணை போன் எடுத்தார். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பனிக்காலத்துக்குக் கார்ச் சில்லு மாத்தேக்கை, வெட்டு விழுந்ததோ எண்டு இப்பவும் வாய் கேக்குது. இஞ்சை பிள்ளையளுக்கு அது விளங்காது."