ஹிட் ஆகாத கிளிஃப் பாட்டு

அக்டோபர் 14

இன்று கிளிஃப் ரிச்சர்டுக்குப் பிறந்தநாள். 1940இல் லக்னோவில் பிறந்தவர். அப்போது பெயர் ஹாரி வெப். அப்பா, ரயில்வேக்குச் சாப்பாடு போடும் காண்டிராக்ட் கம்பெனியில் மேனேஜர். 1948இல் குடும்பம் பம்பாயில் கப்பலேறி இங்கிலாந்து போனது. பத்தே வருஷத்தில், பதினேழு வயதில், 'மூவ் இட்' பாடி அந்த நாட்டு விடலைகளைக் கிறங்கடித்துவிட்டார்.

திருச்சிப் பொன்மலை ரயில்வே காலனியில் எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு ஆன்ட்டிக்கு இதெல்லாம் அத்துப்படி. "அவன் நம்ம ரயில்வே பையன், மேன்" என்று என்னிடமே சொல்வார். எனக்கு வயது அப்போது ஒற்றை இலக்கம். சென்னையில் பிறந்த எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க் புகழ்பெற்றபோது அவரையும் காலனிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

கிளிஃபின் ஹிட்டுகள் எல்லாரும் அறிந்தவை: 'லிவிங் டால்', 'தி யங் ஒன்ஸ்', 'சம்மர் ஹாலிடே'. ஆனால் அந்த வீட்டு அக்கா பாத்திரம் தேய்க்கும்போதும், சைக்கிள் துடைக்கும்போதும் பாடியது 'எவர்கிரீன் ட்ரீ'. 1960 அக்டோபரில் வந்த 'மீ அண்ட் மை ஷேடோஸ்' எல்பியின் பதினாறு பாட்டுகளில் ஒன்று. இங்கிலாந்து ஹிட் பட்டியலில் அது ஏறியதே இல்லை. இது எனக்குத் தெரிந்தது இப்போதுதான். உலகமே அதைப் பாடிக்கொண்டிருந்தது என்றே நினைத்திருந்தேன்.

அக்டோபர் 15

இன்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். மூன்று நிமிடம்கூட இல்லை. வயலின் கூட்டம் கிடையாது. கிளிஃபுக்குப் பின்னணி வாசித்த ஷேடோஸ் குழு மட்டும்தான். அதே குழு அதே ஆண்டில் 'அபாச்சி' வாசித்து, முதலிடத்திலிருந்த தங்கள் பாடகரின் பாட்டையே கீழே இறக்கியது. அப்படிப்பட்ட கிதார்க்காரர்கள் இதில் அடக்கி வாசிக்கிறார்கள். கிளிஃபும் குரலை உயர்த்தவில்லை. பத்தொன்பது வயதுப் பையன், நம் காதல் வெயிலிலும் பனியிலும் பச்சையாகவே நிற்குமா என்று கேட்கிறான். அவ்வளவுதான் விஷயம்.

இதில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் குளிர்காலம் வந்தால் பெரும்பாலான மரங்கள் மொட்டையாக நிற்கும். உதிராத மரம் அங்கே விசேஷம். திருச்சியில் மாமரமும் புளியமரமும் எப்போதும் பச்சைதான். பங்குனி வாக்கில் வேம்பு உதிர்த்தால்கூட, உதிர்ந்த கையோடு துளிர்த்துவிடும். பனியை நாங்கள் கண்டதே இல்லை. ஆனாலும் அக்காவுக்கு அந்தக் கேள்வி புரிந்திருக்கிறது. வொர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாக இருந்த ஒருவருக்காகத்தான் அவள் பாடுகிறாள் என்று காலனிக்கே தெரியும், அவள் அப்பாவைத் தவிர.

அக்டோபர் 16

மழை. கரண்ட் இல்லை. எழுதவில்லை.

அக்டோபர் 17

பாட்டை எழுதியவர்கள் ஆரன் ஷ்ரோடரும் வாலி கோல்டும். அமெரிக்கர்கள், ஆர்டருக்குப் பாட்டுச் செய்யும் தொழில்காரர்கள். அதே 1960இல் எல்விஸுக்கு 'இட்ஸ் நவ் ஆர் நெவர்' எழுதியவர்களும் இவர்களே. அக்கா உருகிய கேள்வி யாருடைய காதலிலிருந்தும் பிறக்காமல் போயிருக்கலாம். எனக்கு இதில் வருத்தம் இல்லை. நம் சினிமாக் கவிஞர்களும் மெட்டுக்கும் சிச்சுவேஷனுக்கும் எழுதியதைத்தானே நாம் சொந்தக் காதலுக்கு எடுத்துக்கொண்டோம்?

எது ஹிட் ஆகும் என்பது ரெக்கார்டு கம்பெனிக்காரர்களுக்கும் தெரிந்ததில்லை. 'மூவ் இட்' முதலில் தட்டின் மறுபக்கத்துக்காகப் பதிவானது. முன்பக்கத்துக்கு அவர்கள் வைத்திருந்தது 'ஸ்கூல்பாய் க்ரஷ்'. அதை இன்று யார் முணுமுணுக்கிறார்கள்?

எங்கள் வீட்டில் வால்வு ரேடியோ. ஆல் இந்தியா ரேடியோ 1950களில் சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்த நாளிலிருந்து வீட்டில் எல்லாரும் சிலோன் ரேடியோ கட்சி. தமிழ் நிகழ்ச்சி முடிந்தால் அம்மா அணைத்துவிடுவாள். பக்கத்து வீட்டில் ஆங்கில ஒலிபரப்பு ஓடும். அறிவிப்பாளர் வெர்னன் கொரயாவின் குரல் சுவர் தாண்டி வரும். கிளிஃபை நான் அப்படித்தான் கேட்டேன், பாதிச் சொல் புரியாமல்.

அக்டோபர் 20

அக்கா பெர்த்தில் இருக்கிறாள். பொன்மலையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் ஆஸ்திரேலியா போனபோது அவர்களும் போனார்கள். அப்ரண்டிஸ் இங்கேயே நின்றுவிட்டார். வேறு பெண்ணைக் கட்டினார். பாட்டின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் வந்தது: "டேய், இதுல அவன் குரல் சளி பிடிச்ச மாதிரி இருக்கே. நான் இதைவிட நல்லா பாடுவேன்டா."

பாடவும் செய்தாள், குரல் செய்தியாக. உச்சத்தில் கொஞ்சம் பிசிறினாலும் சுருதி விலகவில்லை. அப்ரண்டிஸ் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. பேரனுக்குப் பிரியாணி செய்யப்போவதாகச் சொல்லிவிட்டாள்.

என் தீர்ப்பைக் கேட்டால், 'மூவ் இட்' இதைவிடப் பெரிய பாட்டு. இங்கிலாந்தின் ராக் அண்ட் ரோல் அதிலிருந்து தொடங்குகிறது என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. 'எவர்கிரீன் ட்ரீ' இனிப்புச் சற்றுத் தூக்கலான, சாதாரணமான காதல் பாட்டு. அதற்காக அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தேடும்போது பிற்காலக் கச்சேரிப் பதிவுகளை ஒதுக்கிவிட்டு, 1960ஆம் ஆண்டுப் பதிவையே கேளுங்கள்.