டோனாவூர்: உலைப் பானையும் வயல் வரப்பும்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கிப் பயணம் செய்து, நாங்குநேரியில் மேற்கே திரும்பிச் சிறிது தூரம் சென்றால், மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணெதிரே எழுந்து நிற்கிறது. மழை பெய்து ஓய்ந்த காலமானால் மலையின் முடிகளை மேகம் மூடியிருக்கும். அடிவாரத்துக் குளங்கள் வரிசையாக மின்னும். களக்காட்டுக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட இந்த நிலத்தில் வயலுக்கு வயல் வாழைத் தோட்டங்களும், அவற்றிடையே நெல் வயல்களும், வரப்போரம் பனைகளும் உள்ளன. இங்கேதான் டோனாவூர் என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது.

பெயரைக் கேட்டதும் இது தமிழ்ப் பெயர்தானா என்ற ஐயம் எழுவது இயல்பே. 1827-ஆம் ஆண்டில் ரேனியஸ் ஐயர் என்னும் ஜெர்மானிய மிஷனரி, பிரஷ்ய நாட்டுப் பிரபுவான டோனா என்பார் அளித்த பொருளுதவியைக் கொண்டு இக்குடியிருப்பை ஏற்படுத்தினார். கொடுத்தவர் பெயரோடு நம் ‘ஊர்’ சேர்ந்து டோனாவூர் ஆயிற்று. ஆக, தொலைதூரத்து மனிதர் ஒருவரின் கொடைதான் இவ்வூரின் முதல் வித்து. அத்தகைய கொடையை நம்பி வாழ்வது எத்தகையது என்பதை இவ்வூர் பின்னர் நன்கு அறிந்துகொண்டது.

நாம் காணச் சென்றது, ஆதரவற்ற பிள்ளைகளுக்காக இங்கே எழுந்த டோனாவூர் ஐக்கியம் என்னும் இல்லத்தை. இது நம் திருச்சபையைச் சேர்ந்ததன்று. ஆங்கிலிக்க மரபில் தோன்றியது. எனினும், பிரிந்த சகோதரரிடத்தில் விளங்கும் நன்மைகளை மகிழ்வோடு ஏற்றுக்கொள்ளுமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டிலேயே நமக்குக் கற்பித்திருக்கிறது. அந்த மனத்தோடு உள்ளே நுழைந்தோம். மர நிழல்களுக்கிடையே சிவந்த ஓடு வேய்ந்த வீடுகள் தென்பட்டன. 1927-இல் கட்டி முடிக்கப்பட்ட செப வீடு கோபுரத்தோடு நடுநாயகமாக விளங்குகிறது. சற்றுத் தள்ளி மருத்துவமனை. அதற்கும் அப்பால் தென்னந்தோப்பு, மாட்டுத் தொழுவம், வயல்கள்.

இவ்வில்லத்தை நிறுவிய ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் வட அயர்லாந்தின் மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தவர். 1895-இல் பெங்களூருக்கு வந்து, அடுத்த ஆண்டே திருநெல்வேலிச் சீமையை அடைந்து, தமிழ் கற்று, சேலை உடுத்தி, கிராமம் கிராமமாகச் சென்றார். 1901-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவளுக்குப் பின் ஒவ்வொருவராகக் குழந்தைகள் வரலாயினர். 1904-ஆம் ஆண்டின் நடுவில் 17 பேர்; 1913-இல் 130 சிறுமியர்; 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்ந்தனர். 55 ஆண்டுகள் ஒருமுறையேனும் தாயகம் திரும்பாமல் உழைத்து, 1951-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் அம்மையார் இங்கேயே உயிர் துறந்தார். அவர்தம் வாழ்நாளில் இவ்வில்லத்தின் நிழலில் வளர்ந்த பிள்ளைகள் ஆயிரவர்க்கும் மேற்பட்டோர் என்பர்.

இத்தனை பிள்ளைகளுக்கும் சோறு எங்கிருந்து வந்தது? வாசக அன்பர்களுக்கு நாம் சொல்ல விழைவது இதைப் பற்றியே.

அம்மையார் இரண்டு விதிகளை உறுதியாகக் கைக்கொண்டார். எவரிடமும் பணம் வேண்டுமென்று கேட்பதில்லை என்பது ஒன்று. கடன் வாங்குவதில்லை என்பது மற்றொன்று. தேவையைத் தேவனிடம் மட்டுமே சொல்வது. அவர் ஏவுகிறவர் கொடுப்பர். நம் திருச்சபையிலும் இவ்வழி நடந்தோர் உண்டு. 1832-இல் இத்தாலியின் தூரின் நகரில் ஏழை நோயாளிகளுக்கு இல்லம் அமைத்த புனித சூசை கொத்தலெங்கோ, நாளைக்கென்று சேர்த்து வைக்காமல் தேவ பராமரிப்பையே தம் கருவூலமாகக் கொண்டிருந்தார். படிக்கும்போது இவையெல்லாம் இனிமையாக இருக்கின்றன. ஆனால், நூறு பிள்ளைகள் தட்டேந்தி உட்கார்ந்திருக்கும் வேளையில் இவ்விதிகளைக் காப்பது எளிதன்று.

முதல் உலகப்போரையும் அதன் பின்விளைவையும் எடுத்துக்கொள்வோம். போருக்கு முன் இங்கிலாந்திலிருந்து ஒரு பவுன் வந்தால் 15 ரூபாய் கிடைத்தது. போரின்போது வெள்ளியின் விலை ஏறிற்று. அதனோடு ரூபாயின் மதிப்பும் ஏறிற்று. 1920-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதே பவுனுக்குப் பத்து ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. நூறு பவுன் அனுப்பிய அன்பர் தம் கொடையை ஒரு காசும் குறைக்கவில்லை. ஆனாலும் 1500 ரூபாயாக இருந்த அது ஆயிரத்துக்கும் கீழே சுருங்கிற்று. அதே காலத்தில் 1918-இல் பருவமழை பொய்த்தது. விஷக்காய்ச்சல் நாடெங்கும் பரவிற்று. அரிசி விலை ஏறி, சென்னை மாகாணத்தில் தானியக் கடைகள் சூறையாடப்படும் நிலை உண்டாயிற்று. ஒருபுறம் வருவாய் தேய்கிறது, மறுபுறம் அரிசி விலை ஏறுகிறது, நடுவே வாசலுக்கு வரும் குழந்தைகளோ குறையவில்லை. ஆண் குழந்தைகளை ஏற்கத் தொடங்கியதும் இதே 1918-இல்தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். செலவைக் குறைக்க எளிய வழி, வரும் குழந்தைக்குக் கதவைத் திறவாதிருப்பது. அவ்வழியை அவர்கள் மேற்கொள்ளவில்லை.

இத்தகைய இல்லத்துக்கு வயல் ஏன் வேண்டும் என்பது இப்போது விளங்கும். நம் கையால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம். பிள்ளைக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி என்று வைத்தால், நூறு பிள்ளைகளுக்கு 30 கிலோ. ஆண்டுக்குப் பதினோராயிரம் கிலோ. நெல்லைக் குத்தினால் மூன்றில் இரு பங்கே அரிசியாகும். ஆகவே ஏறக்குறைய பதினாறரை டன் நெல் வேண்டும். ஏக்கருக்கு இரண்டு டன் விளைந்தால் எட்டு ஏக்கருக்குச் சற்று மேல் ஒருபோகமோ, அதில் பாதி நிலத்தில் இருபோகமோ தேவை. இது இக்காலத்து விளைச்சல். 1937-இல் அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்து, அம்பை-16 போன்ற வகைகள் வருவதற்கு முன், பழைய நெல் வகைகளில் இதன் பாதியைக் காண்பதே அரிது. அப்படியானால் நிலம் இருமடங்கு வேண்டும். சோற்றுக்கு மட்டும் இவ்வளவு. குழம்புக்கும் துணிக்கும் மருந்துக்கும் தனிக் கணக்கு.

சொந்த வயலில் விளைந்த நெல்லுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. விலை ஏறினாலும் இறங்கினாலும் அது ஒரே அளவு சோறாகிறது. 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தபோது, விற்பதற்கென்று பயிரிட்ட மிராசுதாரும் குத்தகைதாரரும் ஒருங்கே நொந்தனர். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது ரங்கூன் அரிசி வரத்து நின்றது. மறு ஆண்டில் சென்னையில் பங்கீட்டு முறை வந்தது. அரிசியை விலைக்கு வாங்கி உண்டவர்கள் நொந்தனர். முன்னதில் விற்பவனுக்கு இழப்பு. பின்னதில் வாங்குபவனுக்கு இழப்பு. விளைத்ததைத் தானே உண்ணும் வீட்டை இவ்விரண்டும் அவ்வளவாகத் தீண்டுவதில்லை.

அதனால் வயல் உள்ள வீடு கவலையற்ற வீடு என்று எண்ணிவிடலாகாது. வரப்பில் நின்று பார்த்தால் இது தெளிவாகும். இப்பக்கத்து உழவர்க்குக் கார், பிசானம் என்று இரு பருவங்கள். தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்தால் ஆனியில் கார் நடவு; ஐப்பசியில் வடகிழக்கு மழை குளங்களை நிரப்பினால் பிசானம், அதன் அறுவடை மாசியில். குளம் நிரம்பாவிட்டால் மடையைத் திறந்தும் பயனில்லை. நிலத்தை இன்னமும் ‘இத்தனை கோட்டை விதைப்பாடு’ என்று கணக்கிடும் முதியவர் ஒருவரிடம் வழியில் பேசிக்கொண்டிருந்தோம். பெய்கிற ஆண்டில் நெல்லும் பெய்யாத ஆண்டில் கடனும் வீட்டுக்கு வரும் என்பது அவர் பேச்சின் சாரம்.

கடன் வாங்கலாகாது என்ற விதி இங்கேதான் கூர்மையாகக் குத்துகிறது. விதைநெல், உழவு, உரம், நாற்று நடும் பெண்களுக்குக் கூலி ஆகிய அனைத்தும் விளைச்சலுக்கு முன்னரே வேண்டும். உழவர் அனைவரும் கடன் வாங்குவது அப்பருவத்திலேதான். வாங்கமாட்டோம் என்று உறுதி பூண்ட இல்லமோ, சென்ற அறுவடையிலேயே விதைக்கும் கூலிக்கும் எடுத்து வைத்தாக வேண்டும். பிள்ளைகள் பசித்திருக்கையில் விதைநெல்லைத் தொடாமல் காப்பதற்கு, செபத்துக்கு எவ்வளவு விசுவாசம் வேண்டுமோ அவ்வளவு விசுவாசம் வேண்டும். சீதோன் நாட்டுச் சரேப்தா ஊர்க் கைம்பெண் தன் கடைசி மாவைப் பிசைந்தபோது கொண்டிருந்த நம்பிக்கை இத்தகையதே. ஆக, வயல் இவர்களைத் தேவ பராமரிப்பிலிருந்து விடுவிக்கவில்லை. அயல்நாட்டுக் கடிதத்தை எதிர்நோக்கியிருந்த கண்கள் மேகத்தையும் நோக்கலாயின. உழைப்பும் செபமும் ஒரே வேலையின் இரு கைகள் என்று ஆசீர்வாதப்பர் சபையார் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவருவதன் பொருளை இவ்வரப்பில் நின்றபோது உணர்ந்தோம்.

இந்நாளில் இவ்வில்லத்தை நடத்துவோர் நம் நாட்டவரே. அயல்நாட்டு நன்கொடைகளுக்கு 1976-இல் வந்த சட்டம் 2010-இல் புதிதாக்கப்பட்டு, 2020-இல் மேலும் இறுக்கப்பட்டது. குழந்தைகள் இல்லங்களுக்கெல்லாம் 2015-ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவும் கண்காணிப்பும் உண்டு. பிள்ளைகளின் நலனுக்குக் கண்காணிப்புத் தேவைதான். எனினும் அதற்கேற்பச் செலவும் கூடுகிறது. வயலிலோ நடவுக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவருகிறது, கூலி ஏறுகிறது, நெல் கட்டுப்படியாகாது என்று அண்டை வயல்கள் பலவும் வாழைக்கு மாறிவிட்டன. இது டோனாவூருக்கு மட்டும் நேர்ந்ததன்று. நம் மறைமாவட்டங்களில் கன்னியர் நடத்தும் எண்ணற்ற இல்லங்களின் கதையும் இதுவே.

வெளியே வருமுன் அம்மையாரின் கல்லறையைக் கண்டோம். தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று அவர் கேட்டிருந்தார். எனவே பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை வைத்து, தாய் என்னும் பொருள்பட ஒரே ஒரு சொல்லைப் பொறித்திருக்கின்றனர். மரித்த பின்னும் அவரிடத்தில் வருகிற உயிர் எதுவும் வெறுமனே திரும்புவதில்லை.

அன்பர்களே, ஒன்று சொல்லி முடிக்கிறோம். கிறிஸ்து பிறப்பு விழாவன்று அநாதை இல்லத்துக்கு ஒருவேளை விருந்தளிப்போர் நம்மில் பலர். அதனால் அன்று எல்லா இல்லங்களிலும் சோறு மிஞ்சும். பழைய நெல் தீர்ந்து மாசி அறுவடை வந்து சேராத இடைக்காலமே உண்மையில் ஒடுக்கமான காலம். உங்கள் ஊருக்கு அருகேயுள்ள இல்லத்தில் சமையலுக்குப் பொறுப்பான சகோதரியிடம், இருப்பு எந்த வாரத்தில் தீரும் என்று கேளுங்கள். கேட்டறிந்து, அந்த வாரத்தில் ஒரு மூட்டை அரிசியை இறக்கிவிட்டு வாருங்கள்.