நாச்சாரம் ஏரியும் ரஷ்யக் கருமண்ணும்

ஹைதராபாத்தின் கிழக்கே, ஹப்ஸிகுடா சந்திப்பிலிருந்து பிரியும் சாலை நாச்சாரத்துக்குப் போகிறது. ஒரு காலத்தில் என்.டி. ராமராவின் ஸ்டூடியோவுக்குப் பெயர்பெற்ற ஊர். இப்போது தொழிற்பேட்டை, ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை, லாரிகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள். இவற்றுக்கு நடுவே ஓர் ஏரி. 'பெத்த செருவு' என்று தெலுங்கில் பெயர். பெரிய ஏரி என்று பொருள். கரையில் நின்றால் தண்ணீர் கண்ணில் படுமுன் நாற்றம் மூக்கில் ஏறுகிறது.

தெலங்கானாவில் ஏரி வெறும் தண்ணீர்த் தொட்டியல்ல. இங்குள்ள செம்மண் கருங்கல் சிதைந்து உண்டானது. ஈரம் அதில் அதிக நாள் நிற்காது. மழை அரித்துச் செல்லும் நுண்மண் ஏரியில் வண்டலாகப் படியும். கோடையில் அதை வெட்டி வண்டியில் ஏற்றி வயலில் கொட்டுவார்கள். மேட்டில் இழந்ததை ஏரி திருப்பித் தரும். தமிழ்நாட்டு விவசாயிக்கும் பழக்கமான கணக்குதான் இது.

இந்தக் கணக்குக்கு அறிவியல் மொழி தந்தவர்களில் முதன்மையானவர் ஒரு ரஷ்யர்: வசீலி டொக்குச்சாயெவ். 1870களில் ரஷ்யப் புல்வெளிகளை வறட்சி வாட்டியபோது, அங்குள்ள கருமண்ணை ஆராய அவர் அனுப்பப்பட்டார். ரஷ்ய மொழியில் அதன் பெயர் செர்னோசெம். நமது கரிசலும் தெலுங்கு ரேகடியும் வேறு வகை மண் என்றாலும் பெயரின் பொருள் ஏறக்குறைய ஒன்றே. 1883இல் வெளியான அவரது நூல், மண் என்பது பொடிந்த பாறை மட்டுமல்ல என்றது. பாறை, தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் சரிவு, காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்து உருவாக்கும் தனி இயற்கைப் பொருள் அது. 1891இல் பெரும் பஞ்சம் வந்தது. மறு ஆண்டு அவர் சொன்ன பரிகாரம்: ஓடைகளை மறித்துக் குளம் வெட்டுங்கள், மர வரிசை நடுங்கள், வயலுக்கும் காட்டுக்கும் புல்வெளிக்கும் அளவு வகுங்கள்.

அவருடைய மாணவர் விளாதிமிர் வெர்நாட்ஸ்கி. 1926இல் வெளியிட்ட 'உயிர்க்கோளம்' என்ற நூலில், பூமியின் மேற்பரப்பை மாற்றியமைக்கும் பெருஞ்சக்தி உயிரே என்றார். பின்னாளில் மனிதனும் அத்தகைய சக்தியாகிவிட்டான் என்று எழுதினார். அறிவு அந்தச் சக்தியை நெறிப்படுத்தும் என்ற நம்பிக்கையோடு 1945இல் மறைந்தார்.

ஆனால் ஹைதராபாத்துக்கு ரஷ்யாவிலிருந்து வந்தது இந்தச் சிந்தனையல்ல, தொழிற்சாலை. 1960களில் சோவியத் உதவியுடன் பாலாநகரில் ஐ.டி.பி.எல். மருந்து ஆலை எழுந்தது. அங்கே பணியாற்றிய அஞ்சி ரெட்டி 1984இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நகரைச் சுற்றி மருந்து ஆலைகள் பெருகின. மலிவு விலையில் மருந்து கிடைத்தது சாதாரண விஷயமல்ல. அதற்கு விலை கொடுத்தது தண்ணீர். பட்டஞ்செருவில் நக்கவாகு ஓடை ரசாயனக் கழிவால் கெட்டு, விவகாரம் 1990இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. வெர்நாட்ஸ்கியின் நாடும் அவர் சொல்லைக் கேட்கவில்லை. பருத்திப் பாசனத்துக்காக ஆறுகளைத் திருப்பியதில், 1960களிலிருந்து ஆரல் கடல் வற்றத் தொடங்கியது.

2015இல் தெலங்கானா அரசு 'மிஷன் காகதீயா' திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 46 ஆயிரம் ஏரிகளைத் தூர் வாருவது இலக்கு. கிராமங்களில் வாரிய வண்டல் மீண்டும் வயலுக்குப் போனது. நாச்சாரத்தில் அது முடியாது. சுற்றிலும் வயல் இல்லை என்பது ஒரு காரணம். ஆலைகளுக்கும் சாக்கடைகளுக்கும் நடுவே பல ஆண்டுகளாகப் படிந்த வண்டலைச் சோதிக்காமல் நிலத்தில் கொட்ட எந்த விவசாயியும் துணியமாட்டார் என்பது இன்னொரு காரணம்.

நகரத்து ஏரிகளைச் சீரமைக்கும்போது நடைபாதையும் விளக்கும் பூங்காவும் முதலில் வருகின்றன. அடியில் கிடக்கும் மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. டொக்குச்சாயெவ் இருந்திருந்தால் முதலில் அந்த மண்ணைத் தோண்டித்தான் பார்த்திருப்பார்.