58 டிகிரி எங்கே கிடைக்கும்?

எங்கள் வீட்டு உரப்பானையைக் கிளறும்போதெல்லாம் ஒரு பச்சைப் பை குச்சியில் சிக்கும். சோளமாவில் செய்தது, முழுக்க மட்கிவிடும் என்று அதன்மேல் அச்சிட்டிருக்கிறது. அதோடு போட்ட வாழைப்பழத்தோல், கீரைக்காம்பு, ஊசிப்போன சாதம் எல்லாம் கறுத்துப் பொலபொலவென்று ஆகிவிட்டன. பை மட்டும் ஓரம் நைந்து, எழுத்துகள் இன்னும் படிக்கிறாற்போல் இருக்கிறது. மட்கும் பை என்ற பெயரில் போலிகள் சந்தையில் ஏராளம். ஆனால் இதில் சான்றிதழ் எண் இருந்தது. நிஜமான பையே இப்படி இருந்தால், மட்கும் என்ற வாக்கு எங்கிருந்து வந்தது? அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனேன்.

2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மட்கும் பைகளுக்குத் தடிமன் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு தருகின்றன. பதிலுக்கு ஐஎஸ் 17088 என்ற தரத்தில் தேற வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் வேண்டும். சர்வதேசத் தரத்தை அப்படியே எடுத்துக்கொண்டதுதான் இந்த ஐஎஸ் தரம். பையைத் துண்டாக்கி, முற்றிய உரத்தோடு கலந்து, காற்றுச் செலுத்தி, வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கிறார்கள். பையிலுள்ள கார்பனில் 90 சதவீதம் 180 நாட்களுக்குள் வாயுவாகிவிட வேண்டும். இன்னொரு சோதனையில், 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக்கூடாது.

கண்டிப்பான பரீட்சைதான். ஆனால் வாயுவை அளக்கும் அந்தச் சோதனைப் பாத்திரத்தை 58 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறார்கள், இரண்டு டிகிரி முன்னே பின்னே. என் பானையில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தேன். வெளியே அடிக்கும் வெயிலைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

ஏன் 58? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பெரிய உரக்கூடங்களில் குவியலின் நடுச்சூடு அந்த அளவில்தான் நிற்கிறது. தரத்தை எழுதியவர்கள் அந்தக் குவியலைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். இதில் பையின் மூலப்பொருளுக்கும் பங்குண்டு. சோளச் சர்க்கரையை நொதிக்கவைத்து எடுக்கும் பிஎல்ஏ என்ற பொருள் 55 முதல் 60 டிகிரிக்குள்தான் இளகும். அதற்குக் கீழே அதன் மூலக்கூறு இழைகள் இறுகிக் கிடக்கும். முதலில் நீர் புகுந்து அந்த நீண்ட இழைகளை அறுக்க வேண்டும். அப்புறம்தான் நுண்ணுயிர்கள் வாய்வைக்க முடியும். நைலானைக் கண்டுபிடித்த கரோதர்ஸ் 1930களிலேயே இந்தப் பொருளைச் செய்து பார்த்தவர். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பெரிய ஆலை வந்தது 2002இல்.

ஆனால் பிஎல்ஏ விறைப்பானது. அதை மட்டும் வைத்துப் பை செய்தால் மொடமொடக்கும். மளிகைப் பைக்கு வேண்டிய குழைவைத் தருவது பிபிஏடி என்ற இன்னொரு பொருள். அது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. மட்குவதற்கு மூலக்கூற்றின் அமைப்புதான் கணக்கு, சோளமா எண்ணெயா என்பதல்ல. இருந்தும் பையில் சோளக்கதிர்ப் படம் மட்டும் போடுகிறார்களே, அதைத்தான் என்னால் ரசிக்க முடியவில்லை.

அந்தச் சூடான குவியலின் வேரைத் தேடினால் நம் நாட்டுக்கே வந்து சேர்கிறோம். பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் தாவரவியலாளராக இருந்த ஆல்பர்ட் ஹோவர்ட் 1924இல் இந்தூர் போய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். பருத்திமார், களை, இலைதழை, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் எல்லாவற்றையும் அடுக்கி, ஈரம் பார்த்து, குறித்த இடைவெளிகளில் புரட்டிப் போட்டார். குவியல் 65 டிகிரி வரை ஏறி, மெல்ல இறங்கி, மூன்று மாதத்தில் உரமானது. யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாளரோடு சேர்ந்து 1931இல் இதைப் புத்தகமாக்கினார். உலகம் ஹோவர்டை நினைவு வைத்திருக்கிற அளவுக்கு வாட்டை வைத்திருக்கவில்லை. சீன விவசாயிகளின் வழக்கத்தை 1911இல் பதிவுசெய்த எஃப். எச். கிங்கின் நூலுக்குத் தான் பட்ட கடனை ஹோவர்ட் மறைக்கவில்லை.

நம் ஊர்க் குப்பைக்குழி இதற்கு நேர்மாறு. சாணமும் சாம்பலும் கூட்டிய குப்பையும் வருஷம் பூராவும் சேர்ந்து, ஆறஅமர மட்கி, மழைக்கு முன் வண்டியேறும். யாரும் புரட்டுவதில்லை. பெங்களூரில் சி. என். ஆச்சார்யா 1939இல் வகுத்த முறையும் புரட்டாத முறைதான். குழியை மண்போட்டு மூடிவிட்டால் ஆறேழு மாதத்தில் உரம். என் பானை இந்தக் குளிர்ந்த வம்சம். பையோ இந்தூர் வம்சத்துக்காகப் பிறந்தது. ஏறக்குறைய ஒரு கன மீட்டராவது குவிந்தால்தான் குவியல் தன் சூட்டைத் தானே காப்பாற்றும்; பானையளவில் சூடு பிறந்த வேகத்தில் கலைந்துவிடும்.

வீட்டிலேயே மட்கும் என்பதற்குத் தனித் தரங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2010இலும் பிரான்சில் 2015இலும் வந்தன. ஆனால் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் பிரிட்டன் மக்களையே சோதிக்கவைத்து 2022இல் வெளியிட்ட முடிவில், வீட்டில் மட்கும் என்று சொல்லப்பட்ட பொருட்களிலேயே 60 சதவீதம் முழுசாகச் சிதையவில்லை.

அப்படியானால் நகரத்து உரக்கூடத்தில் போய்ச் சேரட்டுமே என்று பார்க்கப் போனேன். உள்ளே நுழைந்ததும் புளித்த வாடை. தொட்டிகளில் ஹோட்டல் இலையும் காய்கறிக் கழிவும் ஆவி விட்டுக்கொண்டிருந்தன; கையை வைத்தால் சுட்டது. சூடு இங்கே இருக்கிறது! ஆனால் வாசலிலேயே ஒரு அக்கா எல்லாப் பைகளையும் கிழித்து உதறித் தனியே எறிந்துகொண்டிருந்தார், மட்கும் பையையும் சேர்த்து.

"எது நல்ல பை, எது கெட்ட பைன்னு ஒவ்வொண்ணா எழுத்தப் படிச்சுட்டு இருக்க முடியுங்களா? அப்படியே போட்டாலும் இதுல எனக்கு என்ன உரம் கிடைக்கப்போகுது?" என்றார் மேற்பார்வையாளர்.

வாழைத்தோலில் சாம்பல் சத்து இருக்கிறது, கீரையில் தழைச்சத்து. பையிலிருக்கும் கார்பனில் பெரும்பகுதி காற்றில்தான் போகிறது, தேர்வின் விதியே அதுதானே. பை உரக்கூடத்துக்கு ஏதாவது நன்மை செய்யுமென்றால், சாப்பாட்டுக் கழிவைப் பிரித்துச் சுமந்து வருகிற வேலை ஒன்றுதான். அந்த வேலையை வாளியும் செய்யும்.

பக்கத்துத் தெருவில் மெஸ் நடத்தும் அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். பார்சலுக்கு அவர் வாங்குவது இந்தப் பைதான். சாதாரணக் கவரைவிட விலை அதிகம்.

"இட்லியை இலையில கட்டிருவேன் தம்பி. சாம்பாரை எதுல ஊத்தறது?"

என்னிடம் பதில் இல்லை. அவரே ஒரு வழி வைத்திருந்தார். தூக்குப்போசி கொண்டு வருபவர்களுக்கு ஒரு கரண்டி சாம்பார் கூட. காலையில் வரிசையில் நின்றவர்களில் போசியோடு வந்தவர்கள் கொஞ்சப்பேர்தான்; மற்றவர்கள் கையில் பச்சைப் பை.